மாறிய பாகமும் மாறாத வாக்கும்

ஒரு பொருளின் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்து, முதலில் இருந்த உறுப்பு ஒன்றுகூட எஞ்சாமற் போய்விட்டால், அது பழைய பொருள்தானா, அன்றிப் புதிய பொருளா? சிந்தனையாளர்கள் ஈராயிரம் ஆண்டுகளாகக் கேட்டுவரும் வினா இது.

ஏதென்ஸ் நகரத்து மக்கள், தம் வீரன் தீசியஸ் ஏறிவந்ததாகக் கருதிய முப்பது துடுப்புக் கப்பலைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த செய்தியைக் கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க் எழுதிவைத்தார். உளுத்துப்போன பலகையை அகற்றிவிட்டு அவ்விடத்தில் நல்ல பலகையைப் பொருத்துவது அவர்கள் வழக்கம். இப்படியே மாற்றி வந்ததில், அறிஞரிடையே ஒரு சாரார் அது அதே கப்பல்தான் என்றனர். மறு சாரார் அன்று என்றனர். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தாமஸ் ஹாப்ஸ் இச்சிக்கலை இன்னும் இறுக்கினார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் எறிந்துவிடாமல் சேர்த்துவைத்து, அதே வரிசையில் பொருத்தி இன்னொரு கப்பலைக் கட்டிவிட்டால், அவ்விரண்டில் எது தீசியஸின் கப்பல் என்று அவர் கேட்டார்.

பொழுது போகாதவர்கள் திண்ணையில் அமர்ந்து பேசும் பேச்சு இது என்று சிலர் எண்ணக்கூடும். ஆயின் இதே வினாவை நாள்தோறும், கையில் எண்ணெய்க் கறையோடும் பையில் பணத்தோடும், கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு கூட்டத்தார் உலகில் உண்டு. பழைய மோட்டார் சைக்கிள்களைத் தேடிப்பிடித்துப் புதுப்பிப்பவர்களும், பல வண்டிகளின் பாகங்களைக் கூட்டித் தம் விருப்பம்போல் புதிய வண்டி அமைப்பவர்களுமே அவர்கள். அவர்தம் பட்டறைக்குள் நுழைந்து இவ்வினாவை ஆராய்ந்தால், ஏட்டில் கிடைக்காத தெளிவு கிடைக்கிறது என்பது நம் கருத்து.

முதலில் அவர்களுடைய உழைப்பு எத்தகையது என்று காண்போம். ஒருகாலத்தில் உலகச் சாலைகளை ஆண்டவை பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள். வின்சென்ட், பி.எஸ்.ஏ., நார்ட்டன், மேட்ச்லெஸ் என்று பெயர் பெற்ற தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வண்டிகள் எஞ்சின; அவற்றுக்குப் பாகம் செய்து தருவோர் இல்லாது போயினர். ஆகவே, ஒரு கார்புரேட்டருக்காகவோ, மாக்னெட்டோவுக்காகவோ, முகப்பு விளக்கின் ஒரு வளையத்துக்காகவோ ஊர் ஊராக அலைய வேண்டியதாயிற்று. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள பியூலி என்னும் ஊரில் 1967 முதல் இதற்கென்றே ஒரு சந்தை கூடிவருகிறது. துருப்பிடித்த இரும்புக் குவியலுக்கு முன் முழங்காலிட்டு, ஒவ்வொரு துண்டையும் கையிலெடுத்துத் திருப்பிப் பார்க்கும் மனிதரை அங்கே காணலாம்.

அவர் தேடுவது வெறும் இரும்பை அன்று, பொருந்தும் இரும்பை. பழைய பிரிட்டிஷ் போல்ட்டுகளில் பலவற்றின் மரை, 1841இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த அளவைச் சார்ந்தது. அதன் கோணம் 55 பாகை. இன்று நாம் எங்கும் காணும் மெட்ரிக் மரையின் கோணமோ 60 பாகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். முதல் சுற்று இலேசாக ஏறவும் செய்யும். வலிந்து முறுக்கினால் அலுமினிய உடலின் மரை அறுந்து, மாற்றுக் கிடைக்காத ஒரு பாகம் பாழாகிவிடும். பொருந்தாத ஒன்றைப் பொருந்தியதுபோலக் காட்டினால் என்ன விளையும் என்பதை அந்த இரும்பே நமக்குச் சொல்லித் தருகிறது.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த வண்டியைக் குறித்து அவர்கள் பெருமையோடு சொல்லும் சொல் ஒன்றுண்டு. "இஃது அசல்" என்பதே அச்சொல். இந்த அசல் என்பது யாது?

தொழிற்சாலையினின்று வெளிவந்த அன்றிருந்த உலோகம் அப்படியே இருப்பதுதான் அசல் என்றால், சாலையில் ஓடிய வண்டி எதுவும் அசலாக இருக்க இயலாது. டயர் தேயும், சங்கிலி நீளும், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து எண்ணெய் புகையும், பிரேக் கட்டைகள் கரையும். மாற்றினால்தான் வண்டி ஓடும். மாற்றாமலே இருந்தது என்றால் அது ஓடாமலே இருந்தது என்று பொருள்.

இன்னும் ஒரு படி மேலே செல்வோம். மோட்டார் சைக்கிள்களில் மிக உயர்ந்ததாகப் போற்றப்படுவது, நாட்டிங்ஹாம் நகரில் ஜார்ஜ் பிரௌ என்பவர் உருவாக்கிய பிரௌ சுப்பீரியர். 1919 முதல் 1940 வரை ஏறக்குறைய 3,000 வண்டிகளே அங்கிருந்து வெளிவந்தன. அரேபியாவில் நடந்த கிளர்ச்சியில் பங்குகொண்ட ஆங்கிலேயர் டி. இ. லாரன்ஸ், 1935இல் விபத்துக்குள்ளாகி உயிர் துறந்தது இவ்வகை வண்டியில் சென்றபோதுதான். அத்துணைப் புகழ் வாய்ந்த வண்டியின் இன்ஜினைப் பிரௌ தாமே வார்க்கவில்லை. இலண்டனிலிருந்த பிரெஸ்ட்விச் தொழிற்சாலையிலும், பிற்காலத்தில் மேட்ச்லெஸ் தொழிற்சாலையிலும் அவற்றை வாங்கினார். வேறு பல உறுப்புகளும் பிறரிடம் வாங்கியவையே. தேர்ந்தெடுத்ததும், திருத்தியதும், பொருத்தியதும், ஓட்டிப் பார்த்துத் தம் பெயரால் உறுதி கூறியதும் அவருடைய பணி. ஆக, அசலிலும் அசல் என்று கருதப்படும் அவ்வண்டி, பிறந்த அன்றே பல கைகளின் கூட்டாக இருந்தது. உலோகத்தில் அசலைத் தேடுவோர்க்கு இங்கே வழி அடைபட்டுவிடுகிறது.

அப்படியாயின், வடிவம்தான் அசல் என்று கொள்ளலாமா? இதற்கு விடை காண நாம் நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. திருவொற்றியூர் வரை போனாற் போதும். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்தது. அதன் பயனாகத் திருவொற்றியூரில் எழுந்த தொழிற்சாலையில் புல்லட் உருவாகத் தொடங்கியது. இங்கிலாந்தில் அந்நிறுவனம் 1970ஆம் ஆண்டையொட்டி மூடப்பட்டுவிட்டது. சென்னையிலோ அதே வடிவம் பெரிதும் மாறாமல் பல்லாண்டு தொடர்ந்தது. 1977இல் புல்லட் வண்டி, தான் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதிப் பொருளாகத் திரும்பிச் சென்றது. தாய்வீடு இடிந்துபோன பின், புகுந்த வீட்டில் மரபு காக்கப்பட்டதற்கு இது சான்று.

ரெட்டிச்சில் செய்த பழைய புல்லட் ஒன்றை வைத்திருக்கும் ஆங்கிலேயர், அதன் பழுதான பாகத்துக்கு மாற்றாகச் சென்னையில் செய்த பாகத்தைப் பூட்டுகிறார் என்று கொள்வோம். அவ்வண்டி இப்போது அசலா? வடிவத்தை நோக்கினால் ஆம். செய்த கையை நோக்கினால் இல்லை. இருவகையாகவும் வாதாடலாம், ஹாப்ஸின் கப்பல்போல முடிவு எட்டாது. ஆனால் அந்த ஆங்கிலேயர் வண்டியை விற்கும்போது, "இவ்வுறுப்பு சென்னையில் செய்தது" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் வாதமே எழுவதில்லை. வாங்குபவர் அறிந்து வாங்குகிறார். வண்டிக்கும் இழுக்கில்லை, சென்னைத் தொழிலாளிக்கும் இழுக்கில்லை. அதே உறுப்பைப் பூட்டிவிட்டு வாய்மூடி நின்றாலோ, உலோகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமலே அது போலியாகிவிடுகிறது.

வாசக அன்பர்களே, இங்கேதான் நாம் தேடிய நூலின் முனை அகப்படுகிறது. அசல், போலி என்னும் வேற்றுமை இரும்பில் இல்லை. அவ்விரும்பைப் பற்றி மனிதன் கூறும் வாக்கில் இருக்கிறது.

இதனை மெய்ப்பிக்க ஒரு கலப்பு வண்டியையே சான்றாகக் காட்டலாம். 1950களிலும் 1960களிலும் இங்கிலாந்தின் இளைஞர் பலர், நார்ட்டன் வண்டியின் சட்டகத்தில் டிரையம்ப் இன்ஜினை ஏற்றினர். பெல்பாஸ்டின் மக்கேண்ட்லெஸ் சகோதரர்கள் வகுத்த அச்சட்டகம் வளைவுகளில் நிலைகுலையாதது. ஆகவே, 'இறகுப் படுக்கை' என்று பெயர் பெற்றது. அந்நாளில் 500 சி.சி. பந்தயக் கார் ஓட்டுவோர் நார்ட்டன் இன்ஜினை விரும்பினர். இன்ஜின் தனியே கிடைக்காமையால் முழு வண்டியையும் வாங்கி, இன்ஜினை எடுத்துக்கொண்டு சட்டகத்தைக் கழித்தனர். அப்படிக் கழிக்கப்பட்டவை வேறோர் இன்ஜினோடு இணைந்து மறுவாழ்வு பெற்றன. இக்கலப்புக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? டிரைட்டன். டிரையம்பின் தலையும் நார்ட்டனின் வாலும் சேர்ந்த பெயர். தன் கலப்பைத் தன் பெயரிலேயே பறைசாற்றும் வண்டியைப் போலி என்று எவரும் இகழ்ந்ததில்லை. இன்று அவற்றையும் விரும்பித் தேடுகின்றனர். கலப்பு குற்றமன்று, கலந்ததை மறைப்பதே குற்றம்.

மறைக்கத் தூண்டுவது எது? பெரும்பாலும் பணம்தான். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், பாட்மின் என்னும் ஊரையொட்டி, ஓர் அன்பர் பல்லாண்டு காலம் கொட்டகைகளில் போட்டுவைத்திருந்த எட்டுப் பிரௌ சுப்பீரியர் வண்டிகள் 2016இல் ஏலத்துக்கு வந்தன. துருவேறி, சில துண்டு துண்டாகக் கிடந்தன. அவற்றுள் 1938ஆம் ஆண்டின் நான்கு சிலிண்டர் வண்டி ஒன்று 3,31,900 பவுன் விலைக்குப் போயிற்று. ஓடாத வண்டிக்கு அவ்வளவு விலை! வாங்கியவர் கொடுத்தது இரும்புக்குரிய விலையன்று. "இது மெய்யாகவே அதுதான்" என்னும் உறுதிக்குரிய விலை.

உறுதிக்கு விலை உண்டென்றால் பொய்யுறுதிக்கும் ஆசைப்படுவோர் உண்டு. ஸ்டீவனேஜ் நகரத்து வின்சென்ட் நிறுவனம் ரேப்பிட் என்றும், அதனினும் விரைவான பிளாக் ஷேடோ என்றும் இருவகை வண்டிகளைச் செய்தது. இரண்டும் ஒரே குடும்பம். இன்ஜினில் பொறித்த எண்ணில், பிளாக் ஷேடோவுக்குப் 'பி' என்ற ஓர் எழுத்து கூடுதலாக வரும். அந்த ஓர் எழுத்து விலையை மிகவும் உயர்த்தவல்லது. எழுத்தச்சும் சுத்தியலும் கொண்டு அதைப் பொறித்துவிட ஒரு நொடி போதும். அப்பொய்யைத் தடுத்து நிற்பவை, வண்டி விரும்பிகளின் சங்கங்கள் பேணிவரும் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள். எந்த எண்ணுள்ள இன்ஜின் எந்த எண்ணுள்ள சட்டகத்தோடு வெளிப்போயிற்று என்பதை, என்றோ ஒரு குமாஸ்தா மையால் எழுதிவைத்தார். தம் எழுத்து எத்தனை பேரைப் பொய்யினின்று காக்கப்போகிறது என்பதை அவர் அறிந்திருக்க மாட்டார்.

இங்கே ஓர் எதிர்ப்பு எழக்கூடும். "வாங்கியவன் மகிழ்ச்சியாக இருக்கிறான்; விற்றவனும் மகிழ்ச்சியாக இருக்கிறான்; பொய் ஒருநாளும் வெளிப்படப் போவதில்லை. இதில் யாருக்கு என்ன கேடு?" இவ்வாதத்தை இலேசாகத் தள்ளிவிட இயலாது. ஆகையால் நிதானமாகவே விடை கூறுவோம்.

முதலாவது கேடு உயிருக்கு. முன் சக்கரத்தைத் தாங்கும் தண்டு தொழிற்சாலையில் செய்த எஃகு என்று நம்பி ஒருவர் வேகமாகச் செல்கிறார். அது மட்டமான உலோகத்தில் வார்த்த நகலாக இருந்தால், உண்மை வெளிப்படும் இடம் நெடுஞ்சாலையாக இருக்கும். "இது நகல்" என்று சொல்லியிருந்தால் அவர் சோதித்துப் பார்த்திருப்பார், மெதுவாகவேனும் ஓட்டியிருப்பார். இரண்டாவது கேடு, உண்மையாளனுக்கு. தன் வண்டியின் குறைகளை ஒளிக்காமல் சொல்பவனுக்குக் குறைந்த விலையும், மறைப்பவனுக்கு மிகுந்த விலையும் கிடைக்கும் சந்தையில், வாய்மை நட்டத் தொழிலாகிவிடும். மூன்றாவது கேடு, இன்னும் பிறவாதவர்க்கு. பொய் சொன்னவன் இறந்த பின்னும் அவன் பொறித்த எண் இறவாது. நாளை அவ்வண்டியைக் கண்டு வரலாறு எழுதுபவன் நல்லெண்ணத்தோடேயே பொய்யை எழுதுவான்.

அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு செய்தி இதனை விளக்கும். 1969இல் வெளிவந்த 'ஈசி ரைடர்' என்னும் திரைப்படத்தில், நீண்ட முன்கவையும், அமெரிக்கக் கொடியின் வண்ணம் தீட்டிய பெட்ரோல் டாங்கும் கொண்ட 'கேப்டன் அமெரிக்கா' என்னும் வண்டி வந்தது. காவல்துறை கழித்த பழைய ஹார்லி டேவிட்சன் வண்டிகளை ஏலத்தில் எடுத்து, வெட்டி ஒட்டி அமைத்தவை அப்படத்தின் வண்டிகள். அவ்வண்ண வண்டி இரண்டு செய்யப்பட்டன. ஒன்று களவு போயிற்று. மற்றொன்று படத்தின் இறுதிக் காட்சிக்காகச் சிதைக்கப்பட்டது. சிதைந்ததன் எச்சங்களைக் கொண்டு மீண்டும் கட்டியது என்று சொல்லி ஒரு வண்டி 2014 அக்டோபரில் ஏலத்துக்கு வந்து, 13.5 லட்சம் டாலர் வரை கேட்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே ஐயம் எழுந்துவிட்டது. அவ்வண்டிக்குச் சான்றளித்தவரே, வேறொரு வண்டிக்கும் அதுதான் உண்மையானது என்று முன்னர்ச் சான்றளித்திருந்தார் என்பது செய்தியாயிற்று. ஹாப்ஸ் கற்பனையில் கண்ட இரு கப்பல்களும் கரைக்கு வந்தே சேர்ந்துவிட்டன. இரண்டிலும் இரும்பு இருந்தது. நம்பத்தக்க வாக்குதான் இல்லை.

இச்செய்தியில் இன்னொரு பக்கமும் உண்டு. அதுவே நம்மை அதிகம் வருத்துவது. எந்தத் துண்டு உண்மையானது என்று இவ்வளவு வாதாடிய உலகம், அவ்வண்டிகளை அமைத்த மனிதர்கள் யார் என்று நெடுங்காலம் கேட்கவே இல்லை. அவற்றை வடிவமைத்து முன்னின்று செய்வித்தவர் கிளிஃப் வாஸ். பட்டறையில் உருவாக்கியவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து பென் ஹார்டி. இருவரும் கறுப்பினத்தவர். வாஸ் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் பங்குகொண்டவர். படத்தின் பெயர்ப் பட்டியலில் இவர்கள் பெயர் இடம்பெறவில்லை. அப்படமோ உலகெங்கும் ஓடியது. அவ்வண்டியின் சாயலில் ஆயிரக்கணக்கானோர் வண்டி அமைத்தனர். ஹார்டி 1994இல் மறைந்தார். அவர் பெயர் பரவலாகப் பேசப்பட்டது அதற்குப் பல்லாண்டுகளுக்குப் பின்னரே. வாஸ் 2016இல் மறைந்தார். ஒரு திருகாணியின் பிறப்பிடத்தைத் தேடிக் கண்டம் விட்டுக் கண்டம் போகிறவர்கள், அதைத் திருகிய கையின் பெயரைத் தேடாது விட்டனர். பழம்பாக வேட்டையில் கிடைத்தற்கரிய பாகம் எது என்று நம்மைக் கேட்டால், செய்தவன் பெயரே என்போம்.

பொய்யுரைப்பது மட்டுமன்றி, சொல்லவேண்டியதைச் சொல்லாது விடுவதும் வரலாற்றைப் போலியாக்கும் என்பதை இதனால் அறிகிறோம். படக்காரர்கள் அவ்வண்டிகளைத் தாமே செய்ததாகப் பட்டியலில் எழுதவில்லை. ஓர் இடத்தை வெறுமையாக விட்டார்கள், அவ்வளவே. அவ்வெற்றிடம் இருவரின் வாழ்நாள் உழைப்பை விழுங்கிவிட்டது.

இனி, நேர்மையுள்ளோர்க்கும் நேரக்கூடிய ஒரு சிக்கல் எஞ்சி நிற்கிறது. தந்தை விட்டுச்சென்ற வண்டியை மகன் விற்கப் போகிறான். "எல்லாம் அசல்" என்று தந்தை சொல்லக் கேட்டிருக்கிறான். தானாக எதையும் அறியான். தந்தை சொல்லை அப்படியே தன் சொல்லாகக் கூறுவது பொய்யாகுமா? நம் எண்ணத்தில், அவன் செய்யத்தக்கது எளிது. "தந்தை இவ்வாறு கூறினார், நான் சோதித்ததில்லை" என்று இரண்டையும் பிரித்துச் சொல்லவேண்டும். கேட்டதைக் கண்டதுபோலச் சொல்லும்போதுதான் நல்லவன் வாயிலிருந்தும் பொய் பிறக்கிறது. தெரியாது என்று சொல்வது தந்தைக்கு இழுக்காகாது; தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி, அதற்குத் தந்தையைச் சாட்சியாக்குவதே இழுக்கு.

பிரிட்டிஷ் அரசு இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறது. வயதோ அடையாளமோ ஐயத்துக்கிடமான வண்டிகளுக்கு, 'கியூ' என்னும் எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணை 1983 முதல் வழங்கிவருகிறது. வண்டியின் நெற்றியிலேயே "இதன் பிறப்பு அறியப்படவில்லை" என்று எழுதி ஒட்டுவதற்கு ஒப்பானது அது. வண்டி விரும்பிகள் பலர் அவ்வெழுத்தை வெறுக்கின்றனர். விலை குறையுமே என்று அஞ்சுகின்றனர். நமக்கோ அது ஒரு மரியாதைக்குரிய எழுத்தாகவே தோன்றுகிறது. அறியாமையை ஒளிக்காமல் நடுச்சாலையில் காட்டிச் செல்லும் துணிவு, மனிதரிடத்திலேயே அரிது.

ஆகவே, தீசியஸின் கப்பல் அதேதானா என்ற வினாவுக்கு, அறிஞர்கள் இன்னும் ஈராயிரம் ஆண்டுகள் வாதாடட்டும். பழைய பொருளைக் காப்பவர்க்கு அவ்விடை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எந்தப் பலகை மாற்றப்பட்டது, எப்போது, யாரால் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால் அவர் கடமை தீர்ந்தது. பழைய பொருளுக்கு எவரும் முழு உரிமையாளர் அல்லர். தமக்கு முன்னிருந்தவரிடம் பெற்று, பின்வருபவரிடம் ஒப்படைக்கும் அமானிதமாகவே அது நம் கையில் தங்குகிறது. அமானிதத்தைப் பழுதுபார்க்கலாம், தேய்ந்ததை மாற்றலாம், ஒன்றோடொன்று கூட்டி புதியதாகவும் சமைக்கலாம். செய்தது இன்னது என்று சொல்லாமல் ஒப்படைக்கத்தான் நமக்கு உரிமையில்லை.

இரும்பு துருப்பிடிக்கும், அதைத் தேய்த்து நீக்க வழியுண்டு. வாக்கில் பிடித்த துருவை நீக்க, சொன்னவனே திரும்பி வந்தாலன்றி வழியில்லை. அவன் திரும்பி வரவியலாத நாள் ஒன்று வருவதற்கு முன், நம் கையிலுள்ள பொருளைப் பற்றிய மெய்யை நம் கையாலேயே எழுதிவைத்துவிடுவோமாக.